மண் காக்காததை நாமும் காக்கவில்லை

அந்தக் குலுக்கை ஓர் ஐப்பசி அடைமழையில் கரைந்துபோனது. சூளையில் சுட்டதல்ல அது, பச்சை மண். கண்மாய்க் களிமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து, ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் எழுப்பிக் காயவிட்டு, அதன்மேல் அடுத்த சாண், பிறகு அடுத்த சாண் என்று ஆள் உயரத்துக்கு வளர்த்தது. அடியில் கை நுழைகிற அளவு ஒரு துவாரம். அதைத் துணிப் பந்தால் அடைத்திருப்பார்கள். உருவினால் தானியம் தானாக வந்து விழும். மேல்வாய் வழியாக டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், செய்தவளின் நான்கு விரல்களும் இழுத்த தடம் அடியிலிருந்து மேல்வரை வரிவரியாகத் தெரியும். அது யாருடைய விரல் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தலைக்குமேல் கூரையில் இரண்டு ஓடு நழுவியிருந்தது மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாற்றிப்போட ஓர் ஏணியும் அரைமணி நேரமும் போதும். யாரும் ஏறவில்லை. மழை விட்டபின் போய்ப் பார்த்தபோது தொழுவத்து மூலையில் ஒரு மண்குவியல் கிடந்தது. நடுவில் அந்தத் துணிப் பந்து.

எங்கள் ஊர்ப்பக்கம் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு. பெயர் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் அதைத்தான் நினைப்பார்கள். எங்களுடையது இராஜபாளையத்துக்கும் சிவகாசிக்கும் வேம்பக்கோட்டைக்கும் நடுவில் கிடக்கிற கரிசல் பூமி. பதினைந்து வருடங்களுக்கு முன் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து இங்கே ஒரு சின்ன அருங்காட்சியகம் வைப்பது என்று முடிவு செய்தோம். ஆசிரியர்கள் இருவர், சிவகாசி அச்சகத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர், வெளியூரில் வேலைக்குப் போய்விட்டு விடுமுறைக்கு வருகிற மூவர், எழுதுகிற நான். நண்பர் ஒருவரின் தகப்பனார் மாடுகளை விற்றுவிட்டிருந்ததால் அவருடைய தொழுவம் காலியாக இருந்தது. அங்கேதான் தொடங்கினோம்.

பொருள் கேட்டு வீடு வீடாகப் போனோம். கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர் அநேகமாக யாருமில்லை. "எடுத்துட்டுப் போங்கய்யா, எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு" என்றுதான் சொன்னார்கள். ஒரே கோடையில் அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மேழி தேய்ந்த கலப்பை, நுகத்தடி, தார்க்குச்சி, மரக்கால், படி, உழக்கு, திருகை, பனையோலைக் கொட்டான், விதைப்பெட்டி, கடகாப்பெட்டி, வெங்கலக் கும்பா. கமலையில் தண்ணீர் இறைத்த கூனை ஒன்றும் கிடைத்தது. அந்தக் கூனையை நான் மறக்கவே மாட்டேன். தகரத்தில் மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டு, ஒவ்வொரு ஒட்டிலும் ஆணி வரிசை தப்பாமல் அடித்திருந்தது. அடியில் தொங்கவேண்டிய தோல் தும்பி நைந்து, ஒரு சாண் நீளம்தான் மிச்சம் இருந்தது. கூனை மேலே வந்ததும் தண்ணீரை வாய்க்காலில் கொட்டுவது அந்தத் தும்பிதான். மாடு பின்னுக்கு வர, வடமும் வால்கயிறும் தளர, கூனை கிணற்றுக்குள் இறங்கும். மாடு முன்னுக்குப் போக, கூனை நிறைந்து மேலே வரும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை நடை, எவ்வளவு நிலம் நனையும், இறைக்கும்போது எண்ணிக்கைக்கு என்ன பாடுவார்கள் என்று கொடுத்தவரிடம் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமே எங்களுக்கு அன்று வரவில்லை. பொருள் கைக்கு வந்துவிட்டது, அது போதும் என்று நினைத்தோம்.

எங்கள் முதல் குற்றம் அதுதான். யார் வீட்டிலிருந்து வந்தது, யார் செய்தது, கடைசியாக எப்போது பயன்பட்டது என்று ஒரு நோட்டில் நாலு வரி எழுதவில்லை. முதல் வாரம் பள்ளி நோட்டுத் தாளைக் கிழித்துப் பெயர் எழுதி நூலில் கட்டினோம். அவ்வருடமே கரையான் தாளைத் தின்றது. மறுபடி எழுதவில்லை. நாடு முழுவதற்கும் காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சடித்துக் கொடுத்த சிவகாசி, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. எங்களில் ஒருவருக்கு அச்சகத்தில்தான் வேலை. அறுபது அட்டை அச்சடிக்க எங்களால் முடியாமல் இல்லை; செய்யவில்லை.

திறப்பு விழாவுக்கு நாள் குறிப்பதில் ஆறு மாதம் போனது. யாரைக் கூப்பிடுவது, பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒவ்வொருவராக வருவது குறைந்தது. சண்டை ஒன்றுமில்லை. மகளுக்குக் கல்யாணம், மாற்றல் உத்தரவு, வீடு கட்டுகிற வேலை. தொழுவத்தின் சாவி ஒருவர் வீட்டு ஆணியில் தொங்கியது. எல்லோரும் வேறு யாரோ பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம். இடைப்பட்ட காலத்தில் பழைய இரும்புக்காரர் வந்து கேட்டபோது, நுகத்தடியில் இருந்த இரும்பு வளையங்களும் அந்தக் கூனையும் பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டன. வீட்டில் இருந்த சிறுபிள்ளை கொடுத்திருக்கிறான். அவன்மேல் என்ன தப்பு? குப்பையைப் போலப் போட்டு வைத்திருந்தவர்கள் நாங்கள்.

இதையெல்லாம் இன்று எழுத வைத்தது வேம்பக்கோட்டை. ஆலங்குளத்துக்குப் பக்கத்தில், விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரையில் சுமார் 25 ஏக்கர் பரப்பில் ஒரு மேடு இருக்கிறது. உச்சிமேடு என்பார்கள். ஆடு மேய்க்கப் போகிறவர்கள் மழைக்குப் பின் அங்கே பாசிமணி பொறுக்கியது எல்லோரும் அறிந்த கதை. 2022 மார்ச் 16 அன்று மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. அடுத்தடுத்து மூன்று கட்டங்கள் நடந்தன. சங்கு வளையல், கண்ணாடி மணி, யானைத் தந்தத்தில் செய்த பகடை, சுடுமண் காளை, சுடுமண் புகைப்பான், நூல் நூற்கும் தக்களி, சிறுபிள்ளைகள் விளையாடிய வட்டச் சில்லு என்று ஆயிரக்கணக்கான பொருட்கள் வெளிவந்தன. திமிலோடு ஒரு காளை செதுக்கிய சூதுபவளமும் கிடைத்தது. நாங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். பெருமையாகத்தான் இருந்தது.

அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தச் சில்லைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. உடைந்த பானை ஓட்டை எடுத்து, கல்லில் தேய்த்து வட்டமாக்கியது. என் அக்காள் பாண்டி ஆட அதே மாதிரி ஒன்று வைத்திருந்தாள். உச்சிமேட்டில் வைத்திருப்பதும் ஒரு கிராமத்தின் அன்றாடச் சாமான்கள்தானே. அரசருடைய கிரீடமா அங்கே வந்திருக்கிறது? நூல் நூற்றவள், மாடு வளர்த்தவன், சில்லு விளையாடிய பிள்ளை. எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்த மண்ணடுக்கு என்று அந்தச் சில்லுக்கு ஒரு பதிவு இருக்கிறது. செய்தவரின் பேரன்மார் உயிரோடு இருந்த காலத்திலேயே சேர்த்த பொருளுக்கு, எந்தத் தெரு என்றுகூட நாங்கள் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றும் அங்கே நின்றபோதுதான் உறைத்தது. மண் எதைக் காத்துக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள்: சுட்ட மண், கண்ணாடி, கல், சங்கு, தந்தம், உலோகம். தக்களியின் சுடுமண் வட்டு கிடைத்திருக்கிறது; அதில் சுற்றிய நூல் கிடைக்கவில்லை. ஓலைப்பெட்டி கிடைக்கவில்லை, கலப்பை கிடைக்கவில்லை, தோல் கிடைக்கவில்லை. மழையில் உப்பி வெயிலில் பாளம்பாளமாக வெடிக்கிற நிலத்தில் இவை மக்கிப்போகும். நம் தாத்தா பாட்டிகள் புழங்கியவை எவை? மரம், தோல், பனையோலை, கயிறு, பச்சை மண். அந்த வாழ்க்கையில் பெரும்பகுதி மண்ணுக்குள் நிற்காத பொருளால் ஆனது. இரண்டாயிரம் வருடம் கழித்து யாராவது வந்து தோண்டி எடுப்பார்கள் என்று குலுக்கைக்குச் சமாதானம் சொல்ல முடியாது. அதைக் காப்பாற்ற மனிதர்களால்தான் முடியும். அந்த மனிதர்கள் நாம்தான். செய்யவில்லை.

இவை புழக்கத்திலிருந்து ஏன் போயின என்பது தெரியாத ரகசியமில்லை. ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலை ஓடத் தொடங்கியது 1970ல்; 1976ல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் ஏற்பட்டு அதன் பொறுப்புக்கு வந்தது. சிமெண்டும் கல்நார் ஷீட்டும் இங்கேயே தயாராகின. பிள்ளைகள் ஆலை வேலைக்கும் வெடி ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போனார்கள். கிணற்றில் மோட்டார் வந்தது, கமலை நின்றது. டிராக்டர் வந்தது, மாடு போனது. ரேஷன் அரிசி வந்தது, கம்பும் சோளமும் குதிரைவாலியும் சுருங்கின. குலுக்கையில் போட ஒன்றுமில்லை. புதிதாகக் கட்டிய காரை வீட்டில் அதற்கு மூலையும் இல்லை. இதில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். உரல் போனதற்கு எந்தப் பெண்ணும் அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை. விடியக்காலம் எழுந்து கம்பு குத்திக் கை காய்த்தவர்களுக்கு மிக்சி வந்தது விடுதலை. பழைய வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை; அது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும் என்கிறேன். உரலை வைத்து, பக்கத்தில் அந்தக் காய்ப்புக் காய்த்த கையையும் எழுதி வைக்கவேண்டும்.

அப்படி எழுத நாங்கள் கூசினோம் என்பதையும் சொல்லியாகவேண்டும். சேகரிப்புக்கு வந்த பொருட்களில் ஒன்று, தீக்குச்சி அடுக்குகிற கட்டை. நண்பர் ஒருவரின் அக்காள் கொடுத்தது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று, 1923ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது இந்த வட்டாரம் பெருமையோடு சொல்கிற வரலாறு. சொல்லவேண்டிய பெருமைதான். மழை பொய்த்த கரிசலில் எத்தனையோ அடுப்பு அதனால் எரிந்தது. அதே தொழிலில், விடியுமுன் வந்து நிற்கிற வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப்போய், வரிவரியாகக் குச்சி அடுக்கிக் கட்டைக் கணக்குக்குக் கூலி வாங்கிய பிள்ளைகளும் உண்டு. எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. அந்த அக்காளும் அப்படி வண்டியேறிப் போனவர்தான். கட்டையைக் கொடுத்தபோது, "நான் அஞ்சாங்கிளாஸோட நின்னது இதுக்காகத்தான். இதையும் வையுங்க தம்பி" என்றார்.

நாங்கள் என்ன செய்தோம்? கிராம வாழ்க்கை என்று சொல்லிவிட்டு இதை எப்படி முன்னால் வைப்பது என்று பேசினோம். பார்க்க வருகிறவர்கள் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றார் ஒருவர். யாரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. கலப்பையை வாசலில் சாத்தினோம். கட்டையை வைக்கோல் போருக்குப் பின்னால் போட்டோம். அது இப்போது இல்லை. எங்கள் புறக்கணிப்பிலேயே மிகக் கேவலமானது இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஓட்டை மாற்றாதது சோம்பல். இது சோம்பல் அல்ல. அக்காள் நம்பிக் கொடுத்த சாட்சியை ஒளித்தோம்.

கூனையின் தோல் தும்பியும் அப்படித்தான். அதைத் தைத்தவர்கள் ஊரின் கடைசித் தெருவில் இருந்தார்கள். பொருள் கேட்டு நாங்கள் போன தெருக்களில் அந்தத் தெரு இல்லை. நிலம் வைத்திருந்தவர் வீட்டில்தான் கருவி இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். செய்தவர் வீட்டில் அந்தத் தோலை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்ற அறிவு இருந்திருக்கும். பிறகு போனபோது பழைய ஆள் ஒருவர்கூட இல்லை.

கி. ராஜநாராயணன் இடைசெவலில் உட்கார்ந்து கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982ல் சொல்லகராதியாகக் கொண்டுவந்தார். தனி ஒருவராக முனைந்து, கடிதம் எழுதி, தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுச் சேர்த்தது. அதில் உள்ள சொற்களில் பல, ஏதோ ஒரு கருவியின் அல்லது கருவியின் ஓர் உறுப்பின் பெயர். சொல் புத்தகத்தில் பிழைத்துக்கொண்டது. அந்தச் சொல்லுக்குரிய பொருளைக் காட்டு என்று ஒரு பிள்ளை கேட்டால், கரிசல் நாட்டில் நின்றுகொண்டே நம்மால் காட்ட முடியாது. எட்டுப் பேரால் முடியாததை ஒருவர் செய்தார் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் புத்தகம் எங்களில் மூன்று பேரிடம் இருந்தது.

வசதி இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. உலகத்தின் முதல் திறந்தவெளி அருங்காட்சியகம் என்று சொல்லப்படும் ஸ்கான்சன், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 1891ல் திறக்கப்பட்டது. அதை உண்டாக்கிய ஆர்தர் ஹசேலியுஸ் 1872ல் டலார்னா என்ற பகுதிக்குப் போனபோது, கிராமத்து உடைகளும் சாமான்களும் மறைந்துகொண்டிருப்பதைக் கண்டு, ஒரு கம்பளிப் பாவாடையை விலைக்கு வாங்கினார். அந்த ஒரு பாவாடையில் தொடங்கியதுதான் பின்னால் வீடுகளையே பெயர்த்துக்கொண்டு வந்து நிறுத்துகிற அளவுக்கு வளர்ந்தது. நம் முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்ராவும் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியதுதான். அவ்வளவு தூரம் போவானேன். பக்கத்து இராஜபாளையத்தில், சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். திருப்புல்லாணி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுப் படித்திருக்கிறார்கள். எங்களிடம் தொழுவம் இருந்தது, பொருள் இருந்தது, படித்தவர் எட்டுப் பேர் இருந்தோம்.

ஓர் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பொருள் சேர்ந்த புதிதில், பக்கத்து வீட்டிலிருந்து ஒருநாள் தடியூன்றி வந்து தொழுவத்தைச் சுற்றிப் பார்த்தார். குலுக்கையைத் தடவினார். கடகாப்பெட்டியின் விளிம்பைத் திருப்பிப் பார்த்து, "இது நம்ம பக்கத்துப் பின்னல் இல்லைய்யா, வாக்கப்பட்டு வந்தவ கொண்டாந்தது" என்றார். ஒரு விளிம்பில் அவ்வளவு தெரிந்தது அவருக்கு. திருகையின் அருகில் உட்கார்ந்துகொண்டு, "ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை கெடக்கு. ஒருநாள் சாவகாசமா வந்து உக்காருங்க, சொல்லுதேன்" என்றார். சரி அப்பத்தா என்றோம். எங்கள் எல்லோரிடமும் செல்போன் இருந்தது, அதில் ரெக்கார்டர் இருந்தது. அவர் அதன்பின் இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். நான் அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் பஸ்ஸுக்குப் போனேன். திண்ணையில் இருந்தபடி, "என்னய்யா, எப்ப வாரீக?" என்று கேட்பார். அடுத்த வாரம் என்று எத்தனை தடவை சொன்னேன் என்பது எனக்கே கணக்கில்லை.

கருமாதியன்றுதான் நாங்கள் எட்டுப் பேரும் வெகுநாளைக்குப் பின் ஒன்றாக உட்கார்ந்தோம்.

இந்தச் சித்திரையில் ஐந்து பேர் மறுபடி தொழுவத்தைத் திறந்திருக்கிறோம். ஒருவர் காலமாகிவிட்டார், இருவர் வெளிநாட்டில். ஓடு மாற்றியாகிவிட்டது. எண்ணிப் பார்த்ததில் மிச்சமிருப்பவை இருபத்து மூன்று. அவற்றில் ஒன்பதுக்குத்தான் யார் வீட்டிலிருந்து வந்தது என்று எங்களால் சொல்ல முடிகிறது. பனங்கட்டையில் குடைந்த சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் தெரியவில்லை, உபயோகம் தெரியவில்லை. பல ஊர்ப் பெரியவர்களிடம் காட்டியாகிவிட்டது. தெரிந்ததை மட்டும் எழுதி, தெரியாததற்குத் தெரியாது என்றே எழுதி வைக்கிறோம். தீக்குச்சிக் கட்டை கொடுத்த அக்காளிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். இன்னொரு கட்டையைத் தேடித் தருவதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்தமுறை அது வாசலில் இருக்கும், அவர் சம்மதித்தால் அவர் சொன்னதும் கூடவே இருக்கும்.

கரிசல் நாட்டில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு இடிக்கும்போதோ பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதோ பழைய சாமான் ஒன்று கையில் வந்தால், தூக்கிக் கொடுக்குமுன் வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள்: இதன் பெயர் என்ன, யார் செய்தது, எதற்குப் புழங்கினோம், எப்போது நிறுத்தினோம். எங்களுக்குத் தரவேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு அலமாரி கிடைத்தால் அங்கேயே வையுங்கள்.

குலுக்கை செய்யத் தெரிந்த பெண் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் மட்டும் தயவுசெய்து எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். மண்ணும் வைக்கோலும் நாங்கள் கொண்டுவருகிறோம்.